வழி இருந்தும் போகாதவர்கள், வழியே இல்லாதவர்கள்

பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1897-ல் தற்கொலையைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். சமூகத்தோடு ஒட்டாமல் தனித்துப் போனவர்கள், சமூகத்துக்காகத் தன்னையே கொடுத்தவர்கள், கட்டுப்பாடுகள் திடீரென்று தளர்ந்து நிலைகுலைந்தவர்கள் என்று மூன்று வகையினருக்கு அத்தியாயம் அத்தியாயமாக இடம் ஒதுக்கினார். நான்காவது வகை ஒன்றையும் அவர் பார்த்தார். எதிர்காலமே அடைக்கப்பட்டு, மூச்சுவிட இடமில்லாமல் நெருக்கப்பட்டவர்கள். அடிமைகள், மிக இளம் வயதிலேயே கல்யாணம் ஆன ஆண்கள், பிள்ளையில்லாத மணமான பெண்கள் ஆகியோரை இதற்கு உதாரணமாகச் சொன்னார். இவர்களுக்கு அவர் கொடுத்த இடம் ஒரே ஓர் அடிக்குறிப்பு. இன்றைக்கு இந்த வகைக்கு முக்கியத்துவம் குறைவு, உதாரணங்கள் கிடைப்பதும் கஷ்டம் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார்.

அந்த அடிக்குறிப்பில் இருப்பவர்களைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். 'மாட்டிக்கொண்டேன், இனி வழியில்லை' என்ற உணர்வு ஆணுக்கு எப்படி வருகிறது, பெண்ணுக்கு எப்படி வருகிறது, ஊருக்கு ஊர் அது எப்படி மாறுகிறது என்பது பல வருடங்களாக என் மனதை விட்டுப் போகாத கேள்வி. நான் உளவியல் படித்தவள் இல்லை. புதுக்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். மாமியாருக்கு மறதி நோய் வந்த பிறகு வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறேன். அதே காலத்தில் என் அண்ணன் வளைகுடா நாடு ஒன்றில் எலக்ட்ரீஷியனாக இருந்தார். அவருடைய பாஸ்போர்ட் கம்பெனி வசம் இருந்தது. ராத்திரி அத்தை தூங்கிய பிறகு நானும் அவரும் போனில் பேசுவோம். கையில் கிடைத்ததையெல்லாம் நான் படிக்க ஆரம்பித்தது அந்தப் பேச்சுகளால்தான்.

பால் கில்பர்ட், ஸ்டீவன் ஆலன் என்ற இரண்டு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் 1998-ல் இந்த உணர்வை அளப்பதற்கு 16 வாக்கியங்கள் கொண்ட கேள்வித்தாள் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பத்து வாக்கியங்கள் வெளியிலிருந்து வரும் அடைப்பைப் பற்றியவை: பிறரிடமிருந்து, கடமைகளிலிருந்து, இப்போது இருக்கும் நிலையிலிருந்து தப்பிக்க வேண்டும் போலிருக்கிறது, ஆனால் முடியவில்லை என்பது போல. மீதி ஆறும் உள்ளே இருக்கும் அடைப்பைப் பற்றியவை: என்னிடமிருந்தே, என் எண்ணங்களிடமிருந்தே ஓட வேண்டும் போலிருக்கிறது என்பது போல. இதற்குப் பின்னால் விலங்குகளைக் கவனித்ததில் இருந்து வந்த ஒரு யோசனை இருக்கிறது. சண்டையில் தோற்ற விலங்கு ஓடிவிடும். ஓட இடமில்லாவிட்டால் ஒடுங்கிவிடும். ஆனால் ஓட வேண்டும் என்ற உந்துதல் மட்டும் உள்ளே அடங்காமல் இருக்கும். மனிதர்களின் மனச்சோர்விலும் இப்படித் தடுக்கப்பட்ட ஓட்டம் ஒரு பெரிய பங்கு என்பது அவர்கள் கருத்து. பிறகு ஸ்காட்லாந்தில் பணியாற்றும் உளவியலாளர் ரோரி ஓ'கானர் தற்கொலை எண்ணம் எப்படி உருவாகிறது என்று 2011-ல் முன்வைத்த விளக்கத்திலும் நடுமையமாக இருப்பது இந்த உணர்வுதான். தோல்வியும் அவமானமும் எல்லோருக்கும் வருகிறது. அதிலிருந்து வெளியேற வழியே தெரியாமல் போகும்போதுதான் உயிருக்கு ஆபத்தாகிறது.

சரி, இதில் ஆண் பெண் வித்தியாசம் எங்கே வருகிறது? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி மனச்சோர்வு ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. தற்கொலையில் தலைகீழ்: 2019-ல் ஒரு லட்சம் பேருக்கு ஆண்கள் 12.6, பெண்கள் 5.4. இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு 'பெண் மனசு மென்மையானது, ஆண் மனசு அழுத்தமானது' என்று ஒரு கதை சொல்லிவிடலாம். பட்டிமன்ற மேடையிலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குழு வரைக்கும் அந்தக் கதைதான் ஓடுகிறது. நான் அதை நம்பவில்லை. மனசின் தன்மைதான் காரணம் என்றால் ஊருக்கு ஊர், பத்து வருடத்துக்குப் பத்து வருடம் இந்த எண்கள் இப்படித் தாறுமாறாக மாறக் கூடாது.

மாறியிருக்கின்றன. மிகப் பெரிய உதாரணம் சீனா.

1990-களின் சீனா, ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாகத் தற்கொலை செய்துகொண்ட மிகச் சில நாடுகளில் ஒன்று. மனநல மருத்துவர் மைக்கேல் பிலிப்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 2002-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட கணக்கு 1995 முதல் 1999 வரையிலான ஆண்டுகளைப் பற்றியது. ஒரு லட்சம் பேருக்கு 23, ஆண்டுக்கு 2,87,000 உயிர்கள். பெண்களின் விகிதம் ஆண்களைவிட 25 சதவீதம் அதிகம். கிராமத்து விகிதம் நகரத்தைப் போல மூன்று மடங்கு. மொத்தத்தில் அந்த எண்ணிக்கையின் பெரும் சுமையைத் தாங்கியது கிராமத்துப் பெண்கள், அதிலும் இளம் பெண்கள். இறந்தவர்களின் குடும்பங்களை விசாரித்து நடத்திய இன்னோர் ஆய்வில், அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்களுக்கு மனநோய் என்று சொல்லும்படியாக எதுவும் இல்லை என்று தெரிந்தது. தற்கொலை என்றால் அதற்குப் பின்னால் ஒரு மனநோய் இருந்தே தீரும் என்று அதுவரை மேற்கத்திய மருத்துவம் ஏறக்குறைய உறுதியாக இருந்தது.

அந்தப் பெண்களின் வாழ்க்கையை நம் ஊர்ப் பெண்களுக்கு விளக்கவே வேண்டாம். கல்யாணம் ஆனதும் கணவனின் கிராமத்துக்குப் போய்விட வேண்டும். நிலம் கணவன் வீட்டுப் பெயரில். பேசுவதற்குச் சொந்தக்காரர் யாரும் அங்கே இல்லை. மாமியாரின் அதிகாரம், ஆண் பிள்ளை பெற வேண்டிய கட்டாயம், கணவனின் அடி. பிறந்த வீடு 'அனுப்பி வைத்தாயிற்று' என்ற கணக்கில் இருக்கும். மக்கள் தொகைப் பதிவேட்டு முறையோ ஒருவரைப் பதிவான ஊரோடேயே கட்டிவைத்திருந்தது. கில்பர்ட்டின் பத்து வாக்கியங்களும் அப்படியே பொருந்துகிற வாழ்க்கை. பூட்டு முழுவதும் வெளிப்பக்கம்.

அப்புறம் என்ன நடந்தது என்பதுதான் என்னை உலுக்கியது. ஷென்ஜென், தொங்குவான் போன்ற தென்கடற்கரை நகரங்களில் தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்தன. கிராமங்களிலிருந்து கோடிக்கணக்கான இளம் பெண்கள் பஸ்ஸிலும் ரயிலிலும் ஏறிப் போனார்கள். யாரும் அவர்களுக்கு மனநல ஆலோசனை தரவில்லை. மருந்து கொடுக்கவில்லை. 'மனத் திடத்தை வளர்த்துக்கொள்வது எப்படி' என்று வகுப்பு எடுக்கவில்லை. 2009 முதல் 2011 வரையிலான காலத்தில் நாட்டின் தற்கொலை விகிதம் ஒரு லட்சத்துக்கு 10-க்கும் கீழே இறங்கிவிட்டது. எல்லாரையும்விடக் கூர்மையாகக் குறைந்தது கிராமத்து இளம் பெண்களிடம். சிங்ஹுவா பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜிங் ஜுன் இதற்கு முக்கியமான காரணமாகச் சொன்னது அந்த இடப்பெயர்வைத்தான். கணவன் வீட்டின் பிடியிலிருந்தும், கோபத்தில் கைக்கு எட்டுகிற பூச்சிமருந்திலிருந்தும் அவர்கள் ஒரே சமயத்தில் விலகிப் போனார்கள்.

இரண்டாவது காரணத்தையும் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. இலங்கையில் 1995-ல் தற்கொலை விகிதம் ஒரு லட்சத்துக்கு 47 என்ற உச்சத்தில் இருந்தது. அங்கே 1995-லும் 1998-லும் மிகக் கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்தார்கள். 2005-க்குள் அந்த விகிதம் பாதியாகிவிட்டது. வாழ்க்கை மாறாவிட்டாலும், ஒரு கெட்ட மணி நேரத்தைக் கடந்துவிட்டால் நிறையப் பேர் பிழைத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

ஆனாலும் சீனத்து மாற்றத்துக்கு அந்த விஷம் கைக்கு எட்டாமல் போனது மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது. மாதச் சம்பளம் கையில் வந்தது. பிடிக்காத வரனைத் தட்டிக்கழிக்க முடிந்தது. கல்யாணமாகி அடி வாங்கியவள் திரும்பித் தொழிற்சாலைக்கே வந்துவிட முடிந்தது. தொழிற்சாலை ஒன்றும் சொர்க்கம் இல்லை. 2010-ல் ஷென்ஜெனில் பாக்ஸ்கான் ஆலைத் தொழிலாளர்களிடையே தொடர்ச்சியாக நடந்த தற்கொலைகள் உலகத்துக்கே தெரியும். அங்கே கட்டடங்களைச் சுற்றி வலை கட்டினார்கள். வெளியே வந்த இடமே இன்னோர் அடைப்பாக மாறக்கூடும். இன்று சீனக் கிராமங்களில் தற்கொலையால் அதிகம் சாகிறவர்கள் முதியவர்கள், அதாவது பிள்ளைகள் எல்லோரும் போன பிறகு மிஞ்சியவர்கள். ஒருவருக்கு வழி திறந்தபோது அந்த வழியாகப் போக முடியாத இன்னொருவர் உள்ளேயே தங்கிவிட்டார். இதை யோசிக்கும்போதெல்லாம் எங்கள் ஊர்த் தெருக்களில் தனியாக இருக்கும் கிழவிகள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

இதே விஷயத்தை அமெரிக்காவில் வேறு விதமாகப் பார்க்கலாம். கலிபோர்னியாவில் 1970 ஜனவரி முதல், யார் மீது தப்பு என்று நீதிமன்றத்தில் நிரூபிக்காமலே விவாகரத்து பெறலாம் என்று சட்டம் வந்தது. அடுத்த பதினைந்து இருபது வருடங்களில் பெரும்பாலான மாநிலங்கள் ஏதோ ஒரு வடிவில் அதைப் பின்தொடர்ந்தன. எல்லா மாநிலமும் ஒரே வருடத்தில் மாறாததால், சட்டத்தின் விளைவை மாநிலத்துக்கு மாநிலம் ஒப்பிட முடிந்தது. பெட்சி ஸ்டீவன்சன், ஜஸ்டின் வுல்ஃபர்ஸ் என்ற பொருளாதார அறிஞர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் செய்தது. ஒருவர் மட்டும் விரும்பினாலே விவாகரத்து பெறலாம் என்ற நிலை வந்த மாநிலங்களில், காலப்போக்கில் பெண்களின் தற்கொலை 8 முதல் 16 சதவீதம் வரை குறைந்திருந்தது. குடும்ப வன்முறை ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. ஆண்களின் தற்கொலையில் சொல்லும்படியான மாற்றம் இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பெண்கள் எல்லோரும் விவாகரத்து வாங்கவில்லை என்பது. 'இவள் போய்விட முடியும்' என்று கணவனுக்குத் தெரிந்தாலே வீட்டுக்குள் நடத்தை மாறுகிறது. வெளியே போகாதவளுக்கும் வழி உதவுகிறது. துர்க்கைமும் தன் காலத்துப் புள்ளிவிவரங்களில் இதைக் கண்டிருந்தார். விவாகரத்து அதிகமாக இருக்கும் இடங்களில் மணமான பெண்களின் நிலை நன்றாகிறது, மணமான ஆண்களின் நிலை மோசமாகிறது என்று. கண்டுவிட்டு அவர் திருமண பந்தம் தளரக் கூடாது என்ற பக்கம்தான் நின்றார். யாருடைய உயிரைக் காக்க யாரை உள்ளே வைப்பது என்பதுதான் அவர் முன்னால் இருந்த கேள்வி. அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் வருகிறது.

நம் நாட்டுக்கு வருவோம். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021 கணக்கில் தற்கொலை செய்துகொண்ட பெண்கள் 45,026 பேர். அதில் 23,179 பேர் இல்லத்தரசிகள், பாதிக்கும் மேல். ஒவ்வொரு வருடமும் இந்தப் பட்டியலில் முதல் காரணமாக வருவது 'குடும்பப் பிரச்சினை'. ஆண்களையும் பெண்களையும் சேர்த்து மூன்றில் ஒரு பங்கு மரணம் இந்த ஒற்றைத் தலைப்புக்குள் போய்விடுகிறது. அதற்குள் அடி இருக்கிறதா, வரதட்சணை இருக்கிறதா, படிக்க விடாதது இருக்கிறதா, யாருக்கும் தெரியாது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நல ஆய்வில், சந்தைக்கு, ஆஸ்பத்திரிக்கு, ஊருக்கு வெளியே என்ற மூன்று இடங்களுக்கும் தனியாகப் போக அனுமதி உள்ள பெண்கள் 42 சதவீதம்தான். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள், தேசிய சராசரியைவிட அதிகம். நாடு முழுவதும் வன்முறைக்கு ஆளான பெண்களில் நான்கில் மூன்று பேர் அதை யாரிடமும் சொல்லவும் இல்லை, உதவி கேட்கவும் இல்லை. ஒரு பெண் சொல்லாமல் இருப்பதற்குக் காரணம் வெட்கம் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. சொன்னால் எங்கே போவது என்பதற்குப் பதில் இல்லாதபோது சொல்லி என்ன ஆகப் போகிறது?

இதை எழுதும்போதே சொல்லிவிடுகிறேன். படிக்கிற யாருக்காவது இந்த நிமிடம் அப்படி ஒரு நிலை என்றால், இந்தியாவில் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணிலும் இலங்கையில் 1926 என்ற எண்ணிலும் எந்த நேரமும் பேசலாம். பேசினால் வாழ்க்கை மாறிவிடாது. ஆனால் அந்த மணி நேரம் கடந்துவிடும்.

இங்கிலாந்தின் ஆய்வாளர்கள் ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் 1970-களில் லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களிடம் வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். அவர்கள் குழு 1995-ல் இன்னொன்றைக் காட்டியது: பெண்களுக்கு மனச்சோர்வு வருவது வெறும் இழப்பால் அல்ல, அவமானமோ வெளியேற முடியாத நிலையோ அதில் சேரும்போதுதான். அதே முறையில் ஜிம்பாப்வேயின் ஹராரேயில் நடந்த ஓர் ஆய்வு 1998-ல் வெளியானது. அங்கே மனச்சோர்வு லண்டனைவிட மிக அதிகம். காரணங்களின் பெயர் வேறு: கணவன் வேறொருத்தியோடு போவது, குழந்தை இல்லாதது, சொந்தங்களில் அகால மரணம். ஆனால் அமைப்பு அதேதான். தோலின் நிறமும் மொழியும் கடவுளும் மாறினாலும், பெண்ணை அடைக்கிற பூட்டு திரும்பத் திரும்பக் கல்யாண வீட்டின் வாசலில்தான் தொங்குகிறது.

அதே ஹராரேயில்தான் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-ல் ஒரு வேலையைத் தொடங்கினார். மருத்துவமனை வாசலில் மரப் பெஞ்ச் போட்டு, பயிற்சி பெற்ற பாட்டிமார்களை உட்கார வைத்தார். அவர்கள் வந்தவரின் கஷ்டங்களை எல்லாம் கேட்பார்கள். அப்புறம் அதில் ஒன்றை மட்டும் எடுத்து, இதற்கு இந்த வாரம் என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்பார்கள். 2016-ல் வெளியான ஆய்வில் இது நன்றாக வேலை செய்வதாக நிரூபணமானது. எனக்கு இதில் பிடித்தது, அந்தப் பாட்டிகள் பொறுத்துப் போ என்று சொல்வதில்லை. நம் ஊரில் பாட்டிகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவர்கள் வாயில் நாம் வைத்திருக்கும் வசனம் அதுதான்.

இப்போது அண்ணன்.

அவர் போனது கடன் வாங்கி. ஏஜெண்டுக்குக் கொடுத்தது அண்ணியின் நகையை அடகு வைத்த பணம். அங்கே தொழிலாளியின் விசாவே முதலாளியின் பெயரில் தொங்குகிற கஃபாலா முறை. முதலாளியின் அனுமதி இல்லாமல் அப்போது வேலை மாற முடியாமல் இருந்தது. சில நாடுகளில் நாட்டை விட்டு வெளியேறவும் முடியாமல் இருந்தது. கத்தார் பெரும்பாலான தொழிலாளர்களுக்கு அந்த வெளியேறும் அனுமதியை 2018-ல்தான் நீக்கியது. வீட்டு வேலை செய்பவர்களுக்கு இன்னும் தாமதமாக, 2020 ஜனவரியில். அண்ணன் இருந்த கம்பெனியில் சம்பளம் மாதக்கணக்கில் தள்ளிப் போகும். போனில் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல பாப்பா, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஒருவர் ஊருக்கு வந்தபோதுதான் அண்ணன் ராத்திரியெல்லாம் தூங்காமல் உட்கார்ந்திருப்பது எங்களுக்குத் தெரிந்தது.

பிறகு ஒரு நாள் கம்பெனி பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. நான் சந்தோஷப்பட்டு, வந்துவிடுங்கள் என்றேன். அவர் வரவில்லை. "கடனோட வந்து தெருவுல எப்படி நடக்கிறது?" என்றார். எனக்கு ஆண்களின் அடைப்பு புரிந்தது அந்த ஒரு வரியில்தான். வெளிப்பூட்டு கழன்ற பிறகும் அவர் உள்ளேதான் இருந்தார். போக வழி இருக்கிறது, ஆனால் அந்த வழியாகப் போனால் தான் ஓர் ஆண் என்று தன்னிடமே சொல்லிக்கொள்ள முடியாது. சம்பாதித்துப் போடுகிறவன் என்பதைத் தவிர வேறு எந்த அடையாளத்தையும் நாம் அவனுக்குக் கொடுக்கவில்லை. அது போனால் அவனிடம் மிச்சம் எதுவும் இல்லை என்று அவனே நம்புகிறான். 2021-ல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்களில் 42,004 பேர் தினக்கூலிகள், நான்கில் ஒருவர். 1997-ன் நிதி நெருக்கடிக்கு அடுத்த வருடம், 1998-ல், ஜப்பானில் தற்கொலை எண்ணிக்கை ஒரே தாவலில் 30,000-ஐத் தாண்டியது. அந்தத் தாவலில் பெரிய பங்கு வேலை இழந்த, கடன்பட்ட நடுத்தர வயது ஆண்களுடையது. அதன் பிறகு 2011 வரை ஒரு வருடம்கூட அது 30,000-க்குக் கீழே இறங்கவில்லை.

கஷ்டத்தை எடைபோட்டு யாருக்கு அதிகம் என்று தீர்ப்புச் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் வித்தியாசத்தை மறைக்கவும் கூடாது. அண்ணன் தங்கியிருந்த முகாமில் அவரைப் போல நூற்றுக்கணக்கானவர்கள் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை லீவு. சேர்ந்து சமைப்பார்கள். அதே நாடுகளில் வீட்டு வேலைக்குப் போன தமிழ், சிங்கள, மலையாளப் பெண்கள் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஒற்றையாளாக இருந்தார்கள். போவதற்கே அவர்களுக்குத் தடை இருந்தது. 2013-ல் இலங்கை அரசு, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போகக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. 2022-ல் பொருளாதாரம் நொறுங்கியபோதுதான் அதைத் தளர்த்தினார்கள். தகப்பன்மாருக்கு அப்படி ஒரு விதி எப்போதும் இருந்ததில்லை. குழந்தை இருவருக்கும் பொது, பூட்டு ஒருத்திக்கு மட்டும்.

2020-ல் கொரோனா காலத்தில், அரசு ஏற்பாடு செய்த விமானத்தில் அண்ணன் திரும்பி வந்தார். வந்தவர் வெகுநாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. டீக்கடைக்குக்கூடப் போகவில்லை. கல்யாணம், காதுகுத்து எதற்கும் வரவில்லை. ஊரே விசாரித்தது. "என்னப்பா ஆச்சு அவனுக்கு, ஆம்பளப் புள்ள இப்படி உள்ளேயே கிடக்கான்?" பெரியப்பா வந்து பேசினார், கூடப் படித்தவர்கள் வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்கள் செய்தது நல்ல காரியம், அதனால்தான் அவர் மீண்டார். அவர்களுக்கு நான் என்றும் நன்றியோடு இருப்பேன்.

நானும் அதே காலத்தில் வீட்டுக்குள்தான் இருந்தேன், அவரைவிட அதிக வருடங்கள். என்னை யாரும் விசாரிக்கவில்லை. ஒரு பெண் வீட்டுக்குள் இருப்பது ஒரு செய்தியே இல்லை.

இது என் வீட்டு ஆதங்கம் மட்டும் இல்லை என்பதை ஜப்பான் எனக்குக் காட்டியது. அங்கே மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அறையை விட்டு வெளியே வராதவர்களை ஹிகிகோமோரி என்கிறார்கள். 1998-ல் சைத்தோ தமாகி என்ற மனநல மருத்துவர் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு அது தேசியக் கவலையாக மாறியது. அந்தப் பெயரைக் கேட்டதும் ஜப்பானியர் மனதில் வந்த உருவம் ஓர் இளைஞன். அரசு எடுத்த முதல் கணக்கெடுப்புகளில் இல்லத்தரசிகளும் வீட்டு வேலையில் உதவுகிறவர்கள் என்று பதிவான பெண்களும் சேர்க்கப்படவில்லை. வீட்டிலேயே இருப்பதுதானே அவர்கள் வேலை! 2018-ல் 40 முதல் 64 வயது வரை உள்ளவர்களை எண்ணியபோது 6,13,000 பேர், அதில் நான்கில் மூன்று பேர் ஆண்கள் என்று வந்தது. 2023 மார்ச்சில் வெளியான அடுத்த கணக்கெடுப்பில், 15 முதல் 64 வயது வரை மொத்தம் சுமார் 14,60,000 பேர். 40 வயதைத் தாண்டியவர்களில் பாதிக்கும் மேல் பெண்கள். ஐந்தே வருடத்தில் ஜப்பானியப் பெண்களின் மனசு மாறிவிடவில்லை. கொரோனா ஒரு காரணம். அதுவரை பார்க்காத இடத்தில் பார்த்தது இன்னொரு காரணம். 2020-ல் அந்த நாட்டின் தற்கொலை எண்ணிக்கை பதினோரு வருடங்களுக்குப் பிறகு உயர்ந்தபோது, ஆண்கள் எண்ணிக்கை 23 குறைந்திருந்தது, பெண்கள் எண்ணிக்கை 935 கூடியிருந்தது. கடைகளும் ஹோட்டல்களும் மூடியதில் பகுதிநேர வேலை போனது பெரும்பாலும் பெண்களுக்கு. வீட்டை விட்டு வெளியே வர அவர்களுக்கு இருந்த ஒரே காரணமும் போனது.

அதனால்தான் ஆண் பெண் வித்தியாசம் என்று யாராவது மனசுக்குள் இருந்து ஆரம்பித்தால் நான் நிறுத்தச் சொல்கிறேன். ஒருத்தி போக நினைத்தால் அவளுக்குப் பணம் உண்டா, பஸ் உண்டா, தங்க இடம் உண்டா, பிள்ளையைக் கூட்டிப் போகலாமா என்று பாருங்கள். ஒருவன் போக நினைத்தால், போன பிறகு அவனை மனிதனாக மதிக்க நாலு பேர் உண்டா என்று பாருங்கள். 2021 மே மாதம் தமிழ்நாட்டு அரசு சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று அறிவித்தபோது, அதை ஓசி டிக்கெட் என்று கேவலமாகப் பேசியவர்களை எனக்குத் தெரியும். யாரிடமும் காசு கேட்காமல், எதற்கு என்று யாருக்கும் பதில் சொல்லாமல் ஒரு பஸ்ஸில் ஏறுவது எப்படிப்பட்ட விஷயம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும், ஏனென்றால் ஏறியிருக்கிறேன். மனநலத் திட்டம் என்று அதை யாரும் சொல்வதில்லை. நான் சொல்வேன்.

இந்த வாதம் முழுவதையும் நான் நம்புகிறேன். ஆனால் அது எட்டாத ஓர் இடமும் உண்டு, அங்கேதான் நான் இருக்கிறேன். அத்தையை விட்டுவிட்டுப் போக எனக்கு விருப்பம் இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் என்னைப் பி.எட். படிக்க அனுப்பியவர் அவர். மறதி நோய் உள்ளவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இந்த அடைபட்ட உணர்வும் குற்ற உணர்வும் சேர்ந்தே வரும் என்று ஆய்வுகளில் படித்தேன். படிக்காமலே தெரியும். கதவு திறந்திருந்தாலும் போக மனம் வராதவளுக்கு விவாகரத்துச் சட்டமும் தொழிற்சாலை வேலையும் பதில் இல்லை. அவளுக்குத் தேவை சில மணி நேரங்கள், அதுவும் வாராவாரம், கெஞ்சாமல் கிடைக்கிற மணி நேரங்கள். "உன்னை மாதிரி யாராலும் அத்தையைப் பார்த்துக்க முடியாது" என்று சொந்தக்காரர்கள் பாராட்டும்போது அது எனக்கு இன்னொரு பூட்டாகத்தான் விழுகிறது.

இதை என் கணவரிடமும் கொழுந்தனாரிடமும் உட்கார வைத்துப் பேசினேன். நிறையச் சண்டை வந்தது. இப்போது சனியும் ஞாயிறும் அத்தை அவர்கள் பொறுப்பு. சாப்பாடு ஊட்டுவது, துணி மாற்றுவது, ராத்திரி எழுந்து பார்ப்பது எல்லாம் அவர்கள்தான். குளிப்பாட்ட மட்டும் காலையில் ஓர் அம்மா வந்து போகிறார். ஆம்பளைங்க செய்கிற வேலையா இது என்று நாத்தனார் இன்னும் முணுமுணுக்கிறார். அப்படிச் சொல்லும் ஒவ்வொரு முறையும், அப்படியானால் அந்தச் சனிக்கிழமைக்கு நீங்கள் வருகிறீர்களா என்று கேட்கிறேன். வருவேன் என்று இதுவரை சொல்லவில்லை. நான் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் தொடங்கிவிட்டேன். அத்தையின் வீட்டில் இல்லை, பஸ் ஏறிப் போகிற தூரத்தில் ஓர் அறையில்.